வெல்டு கவுண்டியின் இஎஃப்-0, இஎஃப்-1 டொர்னாடோக்கள்: தரநிலை எதை அளக்கிறது?

கிரீலிவாசி:

அமெரிக்காவில் 1950 முதல் பேணப்படும் பதிவுகளின்படி மிக அதிக எண்ணிக்கையில் டொர்னாடோக்களை (மேகத்திலிருந்து தரை வரை நீளும் சுழல்காற்றுகளை) கண்ட கவுண்டி, அதாவது மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி, அவற்றுக்குப் பெயர்போன ஓக்லஹோமாவிலோ கான்சாஸிலோ இல்லை. கொலராடோ மாநிலத்தின் வடகிழக்கில், ராக்கி மலையடிவாரத்துக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் வெல்டு கவுண்டிதான் அது. நான் வசிக்கும் கிரீலி அதன் தலைமை நகரம். கவுண்டியின் பரப்பு பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். தென்மேற்கு மூலையில் டென்வரின் புறநகர்கள் நெருங்கி வந்துவிட்டாலும், எஞ்சிய பகுதி முழுவதும் மக்காச்சோளமும் சர்க்கரை பீட்டும் தீவனப் பயிரான குதிரைமசாலும் விளையும் வயல்கள், பெரிய மாட்டுப்பட்டிகள், எண்ணெய்க் கிணறுகள், வடகிழக்கில் பானி தேசியப் புல்வெளி என்று கிராமப்புறமாகவே இருக்கிறது.

டொர்னாடோக்களின் வலுவை 0 முதல் 5 வரை தரம் பிரிக்கும் அளவுகோல் இஎஃப். இங்கே பதிவாகும் டொர்னாடோக்களில் மிகப் பெரும்பாலானவை இஎஃப்-0 அல்லது இஎஃப்-1 தரத்தைச் சேர்ந்தவை. அதாவது "வலுக்குறைந்தவை" என்ற பிரிவில் அடங்குபவை. 2021 ஜூன் 7 அன்று ஃபயர்ஸ்டோனுக்கும் பிளாட்வில்லுக்கும் இடையே ஒன்று தரையிறங்கியபோது, அதை நெடுஞ்சாலையில் சென்றவர்கள்கூட வண்டியை நிறுத்திப் படம் பிடிக்கும் அளவுக்கு அது தெளிவாகத் தெரிந்தது. சில பண்ணை வீடுகள் சேதமடைந்தன. மனித உயிரிழப்பு இல்லை. இப்படிப்பட்ட நாள்களுக்குப் பிறகு வரும் அறிக்கைகளில் "சிறிய டொர்னாடோ, பெரும்பாலும் திறந்த வெளியில்" என்ற ஒரு வரியோடு செய்தி முடிந்துவிடுகிறது. அந்தத் திறந்த வெளியில்தான் எங்கள் அண்டை அயலார் பயிர் செய்கிறார்கள், மாடு வளர்க்கிறார்கள்.

கட்டடமே இல்லாத வயல் வழியாகப் போன ஒரு டொர்னாடோவின் வலுவை எதைக் கொண்டு தீர்மானிக்கிறார்கள் என்பதையும், அந்தத் தரநிலைக்கும் பாதிக்கப்பட்டவரின் இழப்புக்கும் என்ன தொடர்பு என்பதையும் விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

மேகநோக்கி:

முதலில் இவை ஏன் இங்கே இத்தனை உருவாகின்றன என்பதைச் சொல்லிவிட்டுத் தரநிலைக்கு வருகிறேன். இரண்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு.

டென்வருக்குத் தெற்கே பாமர் டிவைடு என்ற மேட்டு நிலம் கிழக்கு மேற்காக நீண்டிருக்கிறது. தென்கிழக்கிலிருந்து ஈரக் காற்று அந்த மேட்டைக் கடந்து வடபுறம் இறங்கும்போது, மேற்கே மலைத்தொடர் தடுப்பதால், டென்வருக்கு அருகில் மெல்லிய ஒரு சுழற்சியாக வளைகிறது. அந்தச் சுழற்சியின் கிழக்கு ஓரத்தில் எதிரெதிர்க் காற்றுகள் சந்திக்கும் ஒரு கோடு ஏறக்குறைய வடக்கு தெற்காக வெல்டு கவுண்டி வரை நீள்கிறது. டென்வர் குவிவுச் சுழிப்பு மண்டலம் என்று வானிலையாளர்கள் குறிப்பிடுவது இதைத்தான். அந்தக் கோட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத சிறு சுழிப்புகள் தரையோரத்திலேயே உருவாகி நகர்ந்துகொண்டிருக்கும். மேலே வேகமாக வளரும் ஒரு மேகத்தின் மேலெழும் காற்று அவற்றில் ஒன்றின் மீது வந்து பொருந்திவிட்டால், சுழிப்பு செங்குத்தாக இழுபட்டு ஒடுங்குகிறது. ஒடுங்க ஒடுங்கச் சுழல் வேகம் கூடுகிறது. அதுவே லேண்ட்ஸ்பவுட். இந்தப் பெயரை 1985-இல் வானிலையாளர் ஹோவர்டு புளூஸ்டைன் அறிமுகப்படுத்தினார். கொலராடோவில் நிகழ்ந்த இத்தகைய டொர்னாடோக்களை ஆராய்ந்து ரோஜர் வாக்கிமோட்டோவும் ஜேம்ஸ் வில்சனும் 1989-இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் அடிப்படை நூல் போலவே பயன்படுகிறது.

பெருஞ்சமவெளியில் ஊர்களை அழிக்கும் டொர்னாடோக்கள் பெரும்பாலும் சூப்பர்செல் எனப்படும், தானே சுழலும் இடிமேகத்திலிருந்து வருபவை. அங்கே சுழற்சி முதலில் நடுவானில் தென்படுகிறது; ரேடார் அதைப் பார்த்துவிடுகிறது; எச்சரிக்கைக்குச் சில நிமிடங்கள் கிடைக்கின்றன. லேண்ட்ஸ்பவுட்டில் சுழற்சி தரையிலிருந்து மேலே போகிறது. மழையோ மின்னலோ சரியாகத் தொடங்காத இளம் மேகத்தின் அடியிலேயே அது நிகழ்ந்துவிடலாம். டென்வர் பகுதியின் ரேடார் நகரத்துக்குக் கிழக்கே வாட்கின்ஸ் அருகில் இருக்கிறது. வழக்கமான மிகத் தாழ்ந்த கோணத்தில் அனுப்பினாலும், நூறு கிலோமீட்டர் தொலைவில் அதன் கதிர் தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்விடுகிறது. கவுண்டியின் வடபகுதியில் தரையோரம் நடப்பது அதன் கண்ணில் படாமல் போவது இயல்பு. ஆகவே பயிற்சி பெற்ற தன்னார்வப் பார்வையாளர்களின் தொலைபேசி அழைப்பே பல நேரங்களில் முதல் செய்தியாகிறது.

எண்ணிக்கை பற்றியும் ஒரு வார்த்தை. கவுண்டி மிகப் பெரியது. டாப்ளர் ரேடார் வலையமைப்பு 1990-களில் வந்தது. பின்னர் எல்லோர் கையிலும் கேமரா வந்தது. முன்பு யாரும் பார்க்காமல் போன சிறியவையெல்லாம் இப்போது பதிவேட்டில் ஏறுகின்றன. "இங்கே டொர்னாடோ பெருகிவிட்டது" என்று பதிவுகளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

கட்டமைப்பியலாளர்:

தரநிலை பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன். வானிலை ஆய்வாளர் டெட் ஃபுஜிட்டா 1971-இல் முன்வைத்த அளவுகோலின் திருத்திய வடிவமான இஎஃப் அளவுகோலை அமெரிக்கா 2007 பிப்ரவரி 1 முதல் பயன்படுத்துகிறது. இஎஃப்-0 என்பது மணிக்கு 105 முதல் 137 கி.மீ.; இஎஃப்-1 என்பது 138 முதல் 177 கி.மீ. இந்த எண்களைப் பார்ப்பவர்கள் யாரோ கருவி வைத்துக் காற்றை அளந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அளக்கப்படுவது சேதம் மட்டுமே. காற்றின் வேகம் அதிலிருந்து மதிப்பிடப்படுகிறது.

அளவுகோலில் 28 சேதச் சுட்டிகள், அதாவது சேதத்தைப் பார்த்து வேகத்தை மதிப்பிட உதவும் பொருள் வகைகள், உள்ளன. பண்ணைக் கொட்டகை, ஒரு குடும்ப வீடு, மொபைல் ஹோம் (ஆலையில் செய்து கொண்டுவந்து நிறுத்தும் வீடு), பள்ளிக் கட்டடம், மின்கம்பி வரிசை, இலையுதிர் மரம், ஊசியிலை மரம் என்று அந்தப் பட்டியல் போகிறது. ஒவ்வொன்றுக்கும் சேதத்தின் படிநிலைகளும், ஒவ்வொரு படிக்கும் எதிர்பார்க்கப்படும் வேகமும், கீழ் வரம்பும் மேல் வரம்பும் தரப்பட்டுள்ளன. இலையுதிர் மரத்தில் சிறு கிளைகள் ஒடிந்திருந்தால் எதிர்பார்க்கும் வேகம் ஏறக்குறைய 97 கி.மீ.; மரம் வேரோடு சாய்ந்திருந்தால் 146; அடிமரமே முறிந்திருந்தால் 177. சிறிய பண்ணைக் கொட்டகை முற்றாக நொறுங்கியிருந்தால் 180. ஆய்வாளர் நேரில் பார்த்து, கட்டுமானம் வழக்கத்தைவிட உறுதியானதா பலவீனமானதா என்று முடிவு செய்து, வரம்புகளுக்குள் மேலேயோ கீழேயோ நகர்த்துகிறார்.

மின்கம்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மரக்கம்பம் முறிந்தால் எதிர்பார்க்கும் வேகம் 190 கி.மீ.; அப்படியே ஏற்றால் அது இஎஃப்-2 ஆகிவிடும். ஆனால் கம்பத்தின் அடி உளுத்திருந்ததா, காற்றால் முறிந்ததா, பக்கத்துக் கம்பம் விழுந்து கம்பியால் இழுத்ததால் முறிந்ததா என்று பார்க்க வேண்டும். ஒரு கம்பம் சாய, வரிசையாகப் பல கம்பங்கள் படுத்துவிடுவது உண்டு. அதனால் கீழ் வரம்பான 158-ஐ ஒட்டி இஎஃப்-1 என்று முடிப்பது அடிக்கடி நடக்கிறது. இதில் தவறில்லை. அளவுகோலே அத்தகைய தீர்மானத்தை ஆய்வாளரிடம் விட்டிருக்கிறது.

கிரீலிவாசி கேட்ட வெற்று வயலுக்கு வருவோம். சுட்டி எதுவும் தாக்கப்படவில்லை என்றால் "இஎஃப்-யூ", அதாவது தரம் தெரியவில்லை என்று பதிகிறார்கள். முன்பெல்லாம் இத்தகையவற்றை இயல்பாகவே 0 என்று குறித்துவிடும் பழக்கம் இருந்தது. எனவே பழைய பதிவில் 0 என்று இருப்பதை "மெல்லிய காற்று" என்று படிப்பது பிழையாக முடியலாம்.

வயல்வரப்பு:

கட்டமைப்பியலாளர் சொன்ன பட்டியலில் சென்டர் பிவட் என்ற நீர்ப்பாசனக் கருவி இருக்கிறதா? அந்தக் கவுண்டியில் வானத்திலிருந்து பார்த்தால் வட்ட வட்டமாகத் தெரியும் வயல்கள் எல்லாம் அதனால் நீர் பாய்ச்சப்படுபவை. கால் மைல் நீளக் குழாய், கோபுரம் கோபுரமாகச் சக்கரத்தின் மேல் நின்று, நடுப்புள்ளியைச் சுற்றி நகரும். 160 ஏக்கர் சதுரத்தில் பெரும்பகுதிக்கு ஒரே கருவி தண்ணீர் தருகிறது. ஜூலையில் அது கவிழ்ந்தால், மக்காச்சோளம் பூட்டை விடும் பருவத்தில் தண்ணீர் நின்றுவிடும். ஆண்டு மழை 400 மில்லிமீட்டரை எட்டாத பூமியில் அந்தச் சில வாரங்கள் தவறினால் விளைச்சல் போய்விட்டதென்றே பொருள். உதிரிப் பாகமும் பழுதுபார்க்கும் ஆளும் உடனே கிடைப்பார்கள் என்ற உறுதியும் இல்லை. ஒரே புயலில் பத்துப் பண்ணைகளில் பிவட் கவிழ்ந்திருந்தால் பத்துப் பேரும் ஒரே விற்பனையாளரின் வாசலில்தான் நிற்பார்கள்.

இன்னொரு சேதம் அறிக்கையில் வருவதே இல்லை. நொறுங்கிய கொட்டகையின் தகரத் துண்டு, ஆணி, கம்பி எல்லாம் தடத்தை ஒட்டிய வயல்களில் சிதறிக் கிடக்கும். அறுவடை இயந்திரத்துக்குள் தகரம் போனால் இயந்திரம் கெடும். அது ஒரு பங்குதான். குதிரைமசாலை அறுத்துக் கட்டாகக் கட்டும்போது ஆணியும் கம்பியும் சேர்ந்து கட்டுக்குள் போய்விடுகின்றன. மாடு அதை மெல்லாமல் விழுங்குகிறது. இரண்டாம் இரைப்பையில் தங்கிய கம்பி சுவரைக் குத்தி, அருகிலுள்ள இதய உறை வரை போய்ச் சீழ் பிடிக்க வைக்கும். அதற்காகவே பால்மாடுகளின் வயிற்றில் ஒரு காந்தத்தை விழுங்க வைக்கும் வழக்கம் இருக்கிறது. டொர்னாடோ போய் மாதங்கள் கழித்து, குளிர்காலத் தீவனத்தில் ஒரு மாடு சாகும்போது, அந்தச் சாவை எந்தத் தடத்தின் கணக்கில் எழுதுவார்கள்? பதிவேட்டில் "சேதம்: ஒரு கொட்டகை" என்று மட்டும் இருக்கும்.

வேலி அறுந்து மாடு சாலைக்கு வருவது, மின்சாரம் நின்று பால் கறக்கும் இயந்திரமும் தண்ணீர் மோட்டாரும் நிற்பது ஆகியவை எல்லா இடத்திலும் தெரிந்தவையே என்பதால் விரிக்கவில்லை.

கட்டமைப்பியலாளர்:

பிவட் அந்த 28-இல் இல்லை. உலோகத் தானியக் குதிரும் இல்லை. கனடா 2013-இல் இந்த அளவுகோலை ஏற்றபோது தானியக் குதிர்களையும் சேமிப்புக் கோபுரங்களையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது; அங்கே பரந்த வயல்வெளிகளில் வேறு சுட்டி கிடைப்பது அரிது என்பதே அதற்குக் காரணம். இஎஃப்-0 பிரிவின் தொடக்கத்தையும் அவர்கள் 90 கி.மீ.க்கு இறக்கிக்கொண்டார்கள். அமெரிக்காவிலும் புதிய சுட்டிகளைச் சேர்ப்பதற்கான பணி பொறியாளர் சங்கத்தின் வழியாக நடந்து வருகிறது.

ஆனாலும் பிவட்டை நல்ல சுட்டி என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. உயரமான, மெல்லிய, எடை குறைந்த அமைப்பு அது. டொர்னாடோவே இல்லாத சாதாரண இடிமழையின் கீழிறங்கு காற்றிலும் கவிழ்கிறது. குழாயில் நீர் நிறைந்திருக்கிறதா, கருவி காற்றுக்குக் குறுக்கே நிற்கிறதா நீளவாட்டில் நிற்கிறதா என்பதைப் பொறுத்துக் கவிழும் வேகம் பெரிதும் மாறும். சுட்டியாவதற்குத் தேவையான பண்பு, ஒரே காற்றுக்கு ஏறக்குறைய ஒரே விதமாக உடைவது. விலை உயர்ந்தது என்பது சுட்டியாவதற்குத் தகுதி ஆகாது. வயல்வரப்பு அவர்கள் சொல்லும் இழப்பு முற்றிலும் உண்மை. அதை அளக்க வேண்டிய இடம் இந்த அளவுகோல் அல்ல என்பதே என் கருத்து.

பண்ணைக் கொட்டகைகளைப் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருபடிக்கு ஏற்ப உயர்கிறது. 105 கி.மீ.யிலிருந்து 177 கி.மீ.க்கு, அதாவது இஎஃப்-0-இன் அடியிலிருந்து இஎஃப்-1-இன் உச்சிக்குப் போனால் அழுத்தம் ஏறக்குறைய 2.8 மடங்காகிறது. "வலுக்குறைந்தவை" என்ற ஒரே பெட்டிக்குள் இவ்வளவு வேறுபாடு அடங்கியிருக்கிறது. கம்பம் நட்டுத் தகரம் வேய்ந்த கொட்டகையில் முதலில் போவது பெரிய வண்டிக்கதவு. கதவு உள்ளே பிய்ந்ததும் காற்று உட்புகுந்து கூரையைக் கீழிருந்து தள்ளுகிறது. வெளியே கூரைமேல் பாயும் காற்று அதை மேலிருந்து உறிஞ்சுகிறது. இரண்டும் சேர்ந்தவுடன், கூரைச் சட்டத்தைத் தூணோடு பிணைக்கும் ஆணிகள் விடுபடுகின்றன. தூணும் சட்டமும் முறியாமலே கொட்டகை பறந்துவிடுகிறது. அமெரிக்கக் கட்டடச் சுமைத் தரநூலின் 2022 பதிப்பில் டொர்னாடோவுக்கான சுமைகள் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டன. அவை மருத்துவமனை, பள்ளி, தீயணைப்பு நிலையம் போன்ற முக்கியக் கட்டடங்களுக்கு மட்டுமே. கொட்டகைக்கும் சாதாரண வீட்டுக்கும் அவை பொருந்தா. கூரைச் சட்டத்துக்கும் தூணுக்கும் இடையே உலோகப் பட்டைகளை முடுக்குவதும், வண்டிக்கதவுக்குக் குறுக்குத் தாங்கி கொடுப்பதும் இந்த வேகங்களில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். இஎஃப்-4-ஐ எதிர்த்து யாரும் கொட்டகை கட்ட முடியாது. இஎஃப்-0-ஐயும் இஎஃப்-1-இன் கீழ்ப்பாதியையும் எதிர்த்துக் கட்ட முடியும். எண்ணிக்கையில் மிகுதியானவை அவையே என்பதால், இந்தச் செலவுக்குப் பயன் உண்டு.

மேகநோக்கி:

கட்டமைப்பியலாளர் அளவுகோலின் எல்லையைச் சரியாகவே வரைந்தார். அந்த எல்லையால் விளையும் ஒரு சிக்கலை நான் சொல்ல வேண்டும். ஜோஷுவா வுர்மன் குழுவினர் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், வண்டியில் பொருத்திய ரேடார்களால் 1995 முதல் 2006 வரை அருகில் சென்று அளந்த 82 சூப்பர்செல் டொர்னாடோக்களை எடுத்துக்கொண்டார்கள். சேதத்தைக் கொண்டு தரப்பட்ட தரநிலை, ரேடார் அளந்த வேகம் காட்டும் தரத்தைவிட சராசரியாக ஒன்றுக்கு மேற்பட்ட படி கீழே இருந்தது. சமவெளியில் தாக்கப்படும்படி எதுவும் இல்லாததே இதற்கு முதன்மைக் காரணம். 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் கனேடியன் கவுண்டியில் எல் ரீனோ அருகே வந்த டொர்னாடோ 4 கி.மீ.க்கும் மேல் அகலமானது. ரேடார் அளவீடுகளை வைத்து முதலில் இஎஃப்-5 என்று அறிவித்தார்கள். பின்னர், விதிப்படி சேதத்தை மட்டுமே கணக்கில் கொண்டு இஎஃப்-3 ஆகக் குறைத்தார்கள். நீண்டகால அனுபவமுள்ள ஆய்வாளர் டிம் சமாராஸ் உட்பட எட்டுப் பேர் அதில் இறந்தார்கள்.

இருந்தாலும், இந்த முடிவை அப்படியே வெல்டு கவுண்டிக்குத் தூக்கி வரக் கூடாது. அந்த ஆய்வு சூப்பர்செல் டொர்னாடோக்களைப் பற்றியது. லேண்ட்ஸ்பவுட்டுகள் பெரும்பாலும் உண்மையிலேயே வலுக்குறைந்தவை. அவற்றைத் தாங்கி நிற்க மேலே சுழலும் இடிமேகம் இல்லை. மழை விழுந்து குளிர்காற்று பரவியதும் அடித்தளம் அறுந்து அவை கலைந்துவிடுகின்றன. அதேநேரம், "வெல்டு கவுண்டியில் வருவதெல்லாம் சிறியது" என்ற எண்ணம் வேரூன்றிவிடுவதும் ஆபத்து. 2008 மே 22 அன்று இதே கவுண்டியில் சூப்பர்செல்லிலிருந்து பிறந்த இஎஃப்-3 டொர்னாடோ, நண்பகலுக்கு முன்பே, வடகிழக்காகப் போகும் வழக்கத்துக்கு மாறாக வடமேற்கு நோக்கி ஏறக்குறைய 63 கி.மீ. ஓடி விண்ட்சர் ஊரைத் தாக்கியது. கிரீலிக்கு அருகில் ஒரு முகாம் மைதானத்தில் ஒருவர் உயிரிழந்தார்.

கிரீலிவாசி:

எல்லோருக்கும் நன்றி. நான் கேட்டதற்கு மேலாகவே விளக்கம் கிடைத்திருக்கிறது.

மேகநோக்கி சொன்ன கடைசிச் செய்தியை ஒட்டி மொபைல் ஹோம்களைப் பற்றிப் பேசாமல் இந்த இழை முழுமை பெறாது. மாட்டுப்பட்டியிலும் இறைச்சி ஆலையிலும் எண்ணெய்க் களத்திலும் வேலை செய்யும் குடும்பங்கள் பல இவற்றில்தான் வசிக்கின்றன. நிலவறை கிடையாது. ஒற்றை அகல மொபைல் ஹோம் ஒன்று கட்டைத் தாங்கிகளிலிருந்து நழுவுவதற்கு எதிர்பார்க்கப்படும் வேகம் 140 கி.மீ.; புரண்டு கவிழ்வதற்கு 158. இரண்டுமே இஎஃப்-1-க்குள் அடங்கிவிடுகின்றன. உறுதியான அடித்தளமுள்ள வீட்டில் ஓடுகளும் கூரைத்தாள்களும் பெயர்வதோடு போகும் காற்று, நூறு அடி தள்ளி நிற்கும் மொபைல் ஹோமில் ஆளைக் கொல்லும். 1992-இல் ஆண்ட்ரூ புயல் ஃபுளோரிடாவைத் தாக்கிய பிறகு, 1994-இல் இவ்வகை வீடுகளுக்கான கூட்டாட்சி விதிகள் கடுமையாக்கப்பட்டன. ஆனால் அந்தக் கடுமை கடலோர மண்டலங்களுக்கானது. கொலராடோ அந்த மண்டலங்களில் இல்லை.

எச்சரிக்கை வராமலே தரையிறங்கக்கூடியவை லேண்ட்ஸ்பவுட்டுகள் என்றால், எச்சரிக்கை கேட்ட பிறகு அண்டை வீட்டு நிலவறைக்கு ஓடுங்கள் என்ற அறிவுரை இவர்களுக்கு எப்படிப் பொருந்தும் என்பதே எனக்குள்ள கவலை. மே, ஜூன் மாதப் பிற்பகல்களில், குவிவுக்கோடு எங்கள் மேல் கிடக்கிறது என்று காலை முன்னறிக்கை சொல்லும் நாள்களிலாவது, குழந்தைகளையும் முதியவர்களையும் முன்கூட்டியே உறுதியான கட்டடத்தில் இருக்கச் செய்ய வேண்டும் என்று நான் தெரிந்தவர்களிடம் வற்புறுத்தி வருகிறேன். "சின்னதுதான் வரும்" என்ற பதில் கேட்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது.

ஈட்டுக்கணக்கர்:

காப்பீட்டுத் துறையில் பணிபுரிபவன் என்ற முறையில் இழப்பீட்டுப் பக்கத்தைச் சொல்கிறேன்.

தனியார் காப்பீட்டுக்கு இஎஃப் தரம் தேவையே இல்லை. காற்றால் ஏற்பட்ட சேதம் என்று நிலைநாட்டினால் போதும். அது டொர்னாடோவா, சுழலாமல் நேராக வீசிய காற்றா என்பதுகூடப் பொதுவாக முடிவை மாற்றுவதில்லை. முடிவை மாற்றுவது பாலிசியில் என்ன பட்டியலிடப்பட்டிருக்கிறது என்பதே. வீட்டுப் பாலிசியில் வீடு இருக்கும். தொழிலுக்குப் பயன்படும் கொட்டகையும், பிவட்டும், வேலியும் தனியாகச் சேர்க்கப்பட்டிருந்தால்தான் உண்டு. கொலராடோவில் ஆலங்கட்டி மழை மிகுதி என்பதால் காற்று, ஆலங்கட்டி இரண்டுக்கும் சேர்த்து, காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதமோ இரண்டு சதவீதமோ உரிமையாளரே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனை பரவலாக உள்ளது. சிறிய டொர்னாடோவின் சேதம் பெரும்பாலும் அந்தத் தொகைக்குள்ளேயே அடங்கிவிடும். அறிக்கையில் "காப்பீடு உள்ளது" என்று இருந்தாலும் விவசாயி தன் கையிலிருந்தே செலவழிக்கிறார் என்பது இதனால்தான்.

அரசு உதவியில் இன்னொரு விதமான இடைவெளி. கூட்டாட்சிப் பேரிடர் அறிவிப்புக்கு மாநில அளவிலான இழப்பு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டியிருக்க வேண்டும். மூன்று பண்ணைகளைச் சிதைத்த ஒரு டொர்னாடோ அந்த வரம்பின் அருகில்கூடப் போகாது. ஆனால் வேளாண்மைத் துறையின் சில திட்டங்கள் அந்த அறிவிப்புக்குக் காத்திருப்பதில்லை. டொர்னாடோவில் இயல்புக்கு மேற்பட்டு இறந்த கால்நடைகளுக்கு இழப்பீடு தரும் திட்டம் ஒன்று உண்டு. வயலில் சிதறிய இடிபாடுகளை அகற்றவும் வேலியைச் சீரமைக்கவும் செலவில் பங்கேற்கும் அவசரப் பாதுகாப்புத் திட்டம் மற்றொன்று. வயல்வரப்பு சொன்ன ஆணி, தகரப் பிரச்சினைக்கு இந்த இரண்டாவது திட்டம் நேராகப் பொருந்துகிறது. இரண்டுக்கும் கவுண்டியிலுள்ள பண்ணைச் சேவை அலுவலகத்தில் கெடுவுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சுத்தம் செய்யத் தொடங்கும் முன்பே அங்கே பேசிவிடுவது நல்லது.

வயல்வரப்பு:

ஈட்டுக்கணக்கர் அவர்களுக்கு நன்றி. அப்படியானால் தடம் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது, எவ்வளவு அகலம் என்ற பதிவு விவசாயிக்கு நேரடியாகவே உதவுகிறது என்று புரிந்துகொள்கிறேன். தரம் 0 ஆனாலும் 1 ஆனாலும், தன் வயல் தடத்துக்குள் விழுந்தது என்று காட்ட முடிந்தால் போதும். அந்தத் தடத்தை எப்படி வரைகிறார்கள்? இரண்டு கொட்டகைகளுக்கு நடுவே ஐந்து கிலோமீட்டர் வெறும் வயல் இருந்தால் கோடு எப்படிக் கிடைக்கிறது?

மேகநோக்கி:

ஆய்வாளர்கள் இப்போது கைக்கணினியில் ஒவ்வொரு சேதத்தையும் படமெடுத்து, அதன் இருப்பிடம், சுட்டி, சேதப்படி ஆகியவற்றோடு ஒரு வரைபடத்தில் புள்ளியாக ஏற்றுகிறார்கள். புள்ளிகளை இணைத்துத் தடத்தின் நடுக்கோடும், சுற்றி அதன் எல்லையும் வரையப்படுகின்றன. வெறும் வயல் நடுவே இருந்தால் காணொளிகள் பெரிதும் உதவுகின்றன. வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்த இரண்டு படங்களில் புழுதித் தூண் எந்தத் திசையில் தெரிந்தது என்று வைத்தே அது நின்ற இடத்தைக் கண்டுவிடலாம். பயிர் ஓரளவு வளர்ந்திருந்தால் செயற்கைக்கோள் படமும் உதவும். ஐரோப்பாவின் சென்டினல்-2 பத்து மீட்டர் நுணுக்கத்தில் சில நாள்களுக்கு ஒருமுறை அதே இடத்தைப் படமெடுக்கிறது. லேண்ட்ஸ்பவுட்டின் மெல்லிய தடம் அதில் தெரியாமல் போவதும் உண்டு.

விழுந்தவை எந்தத் திசையில் கிடக்கின்றன என்பது முக்கியமான சான்று. இடிமேகத்தின் கீழிறங்கு காற்று தரையில் மோதி வெளிப்புறமாக விரிவதால், மரங்களும் பயிரும் விசிறி போலப் பிரிந்து கிடக்கும். டொர்னாடோவில் தடத்தின் இரு பக்கமும் விழுந்தவை நடுக்கோட்டை நோக்கிச் சாய்ந்து கிடக்கும். இடஞ்சுழியாகச் சுற்றுபவற்றில், போகும் திசைக்கு வலப்புறத்தில் சுழல் வேகமும் நகர்வு வேகமும் கூடுவதால் அங்கே சேதம் கனமாக இருக்கும். ஓர் இடத்திலேயே அசையாமல் நிற்கும் லேண்ட்ஸ்பவுட்டில் அந்த வேறுபாடு மங்கிவிடுகிறது.

கட்டமைப்பியலாளர்:

இதில் விவசாயிகளின் பங்கு பெரியது. ஆய்வாளர் வருவதற்கு ஓரிரு நாள் ஆகலாம். அதற்குள் மாட்டைக் காப்பாற்றவும் பாதையைத் திறக்கவும் இடிபாடுகளை ஒதுக்க வேண்டியிருக்கும். அதைத் தடுக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. மின்கம்பி அறுந்து கிடக்கும் இடத்தை மட்டும் மின்நிறுவனத்தார் வரும் வரை நெருங்க வேண்டாம். மற்றவற்றை நகர்த்தும் முன், கைபேசியில் இருப்பிடப் பதிவை இயக்கிவிட்டு, ஒவ்வொரு பொருளையும் தொலைவிலிருந்து ஒன்றும் அருகிலிருந்து ஒன்றுமாகப் படமெடுங்கள். கொட்டகை எனில் தூணின் அடியையும், கூரைச் சட்டம் விடுபட்ட இணைப்பையும், அங்கிருந்த ஆணியையோ போல்ட்டையோ எடுங்கள். தரம் அந்த இணைப்பை வைத்துத்தான் தீர்மானிக்கப்படும். கம்பம் எனில் முறிந்த இடத்தின் உட்புற மரம் தெரியட்டும். மரம் எனில் வேர்ப்பகுதியும், சாய்ந்த திசையும். பிவட் எனில் எந்தப் பக்கம் கவிழ்ந்தது என்பதோடு, அப்போது நீர் ஓடிக்கொண்டிருந்ததா என்பதையும் குறித்து வையுங்கள். சேதமே அடையாத பக்கத்துக் கட்டடத்தையும் ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது. தடத்தின் ஓரம் எங்கே என்பதை அதுதான் காட்டும்.

கிரீலிவாசி:

கட்டமைப்பியலாளர் எழுதியதை ஸ்பானிய மொழியிலும் ஒரு பக்கத்தில் அடங்குமாறு எழுதி, இங்குள்ள பண்ணைத் தொழிலாளர்களுக்குக் கிடைக்கச் செய்ய முயல்கிறேன். பெரும்பாலான பண்ணைகளில் முதலில் இடத்துக்குப் போய்ச் சுத்தம் செய்பவர்கள் அவர்களே. ஈட்டுக்கணக்கர் குறிப்பிட்ட இரண்டு வேளாண் திட்டங்களையும் அதிலேயே சேர்த்துவிடுகிறேன். சொற்களைச் சரிபார்க்க ஸ்பானியம் அறிந்தவர்கள் யாரேனும் இங்கே இருந்தால் தெரிவியுங்கள்.